ரிசப்ஷனும் கிண்டர்கார்ட்டனும்: ஒரே பிறந்தநாள், ரெண்டு நாட்டுக் கணக்கு

#1 · வேப்பங்காற்று

பிரிட்டன் பெற்றோரும் அமெரிக்கப் பெற்றோரும் பேசிக்கொண்டால் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம்: "இங்கிலாந்தில் 4 வயதில் ஸ்கூல், அமெரிக்காவில் 5 வயதில். அதனால் அங்கே ஒரு வருஷம் முன்னாடி." இது எவ்வளவு தூரம் உண்மை? இங்கிலாந்தில் பள்ளியின் முதல் வருஷம் ரிசப்ஷன், அடுத்தது இயர் 1; அமெரிக்காவில் முதல் வருஷம் கிண்டர்கார்ட்டன். இந்த வகுப்புப் பெயர்களை எப்படிப் பொருத்துவது? அட்மிஷன், பாடம், தடுப்பூசி, லீவு, சாப்பாடு இதிலெல்லாம் நடைமுறையில் எது எங்கே உதைக்கிறது? தெரிந்தவர்கள் தேதி, எண்ணிக்கையோடு எழுதினால் உதவியாக இருக்கும். "எந்த நாடு பெஸ்ட்" சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

#2 · ஹட்சன்_கரை

5 வயது என்று சொன்னால் போதாது, எந்தத் தேதிக்குள் 5 என்று கேட்க வேண்டும். டெக்சாஸ், கலிஃபோர்னியாவில் செப்டம்பர் 1-க்குள் 5 நிரம்பியிருக்க வேண்டும். நியூயார்க் நகரத்தில் காலண்டர் வருஷக் கணக்கு, டிசம்பர் 31-க்குள் 5 ஆனால் போதும். கனெக்டிகட்டில் ஜனவரி 1 என்று இருந்ததை 2024-ல் செப்டம்பர் 1 ஆக்கிவிட்டார்கள். நியூஜெர்சியில் ஊருக்கு ஊர் மாறும்.

இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31-க்குள் 4 முடிந்தால் அந்தச் செப்டம்பரிலேயே ரிசப்ஷன். இப்போது ரெண்டு பிறந்தநாளை வைத்துப் பாருங்கள்.

2022 ஆகஸ்ட் 20: இங்கிலாந்தில் 2026 செப்டம்பரில் ரிசப்ஷன். டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் 2027-ல் கிண்டர்கார்ட்டன், அப்போது இங்கிலாந்துப் பிள்ளை இயர் 1.

2022 செப்டம்பர் 10: இங்கிலாந்தில் 2027-ல் ரிசப்ஷன். நியூயார்க் நகரத்திலும் அதே 2027-ல் கிண்டர்கார்ட்டன். டெக்சாஸில் 2028 வரை காத்திருக்க வேண்டும்.

ஆக "இயர் 1-தான் கிண்டர்கார்ட்டன்" என்கிற சூத்திரம் டெக்சாஸுக்குச் சரி. நியூயார்க் நகரத்தில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கு அது பொய். அவர்களுக்கு ரிசப்ஷனும் கிண்டர்கார்ட்டனும் ஒரே வருஷம்.

#3 · எண்சுவடி

ஒரு சின்னத் திருத்தம், பொழுதுபோகாதவன் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் செப்டம்பர் 1-உம் சேர்த்தி. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31-உடன் கோடு. எனவே சரியாகச் செப்டம்பர் 1 அன்று பிறந்த பிள்ளைக்கு மட்டும் ரிசப்ஷனும் டெக்சாஸ் கிண்டர்கார்ட்டனும் ஒரே வருஷத்தில் விழும்.

"பிரிட்டன்" என்று மொத்தமாகச் சொல்வதும் தப்பு. ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட்டில் பிரைமரி 1 தொடங்கும், பிள்ளைகள் நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் இருப்பார்கள். வட அயர்லாந்தில் ஜூலை 1 கோடு. கீழே "இங்கிலாந்து" என்று எழுதினால் இங்கிலாந்து மட்டும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#4 · வெம்பிளி_வாசி

ஓம், நான் இங்கிலாந்தைப் பற்றித்தான் சொல்லுறன்.

அட்மிஷன் எல்லாம் உள்ளூர்க் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) மூலம். ஜனவரி 15 கடைசித் திகதி, ஏப்ரல் 16 முடிவு. லண்டனில 6 பள்ளிக்கூடம் வரைக்கும் எழுதலாம், மற்ற இடங்களில ஆகக் குறைஞ்சது 3. கனபேர் விடுற பிழை என்னெண்டா, ஒரே ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் எழுதிப்போட்டு "வேற வழியில்லை, தந்துதான் ஆகோணும்" எண்டு நினைக்கிறது. அப்பிடி ஒரு கட்டாயமும் இல்லை. நீங்கள் முதலாவதா எழுதினீங்களோ ஆறாவதா எழுதினீங்களோ எண்டதைப் பள்ளிக்கூடம் வரிசைப்படுத்தேக்க பாக்கிறேல்ல. தன்ரை விதிப்படிதான் அடுக்கும்: காப்பகப் பிள்ளையள், அண்ணன் அக்கா அங்க படிக்கிறவை, பேந்து தூரம். ரெண்டு மூண்டு இடத்தில கிடைச்சா உங்கட பட்டியலில மேல இருக்கிறது வரும். ஒண்டிலயும் கிடைக்காட்டி, இடம் மிஞ்சிக் கிடக்கிற எங்கயோ ஒரு பள்ளிக்கூடத்தைக் கவுன்சில் தூக்கித் தரும். அதால எல்லா இடத்தையும் நிரப்புங்கோ. அதில ஒண்டாவது போன வருசம் கடைசியா எடுத்த பிள்ளையின்ர தூரத்துக்குள்ள உங்கட வீடு வாறதா இருக்கோணும். அந்தத் தூரத்தைக் கவுன்சில் வெளியிடும்.

கத்தோலிக்க, ஆங்கிலிக்கன் பள்ளிக்கூடமெண்டா மேலதிகப் படிவம் ஒண்டு நேர பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கோணும். கவுன்சில் படிவம் மட்டும் போனா மதப் பிரிவில உங்களை எண்ணாயினம், வரிசையில கடைசிக்குப் போயிடுவீங்கள்.

கிடைச்ச இடம் பிடிக்காட்டியும் "வேண்டாம்" எண்டு எழுதாதேங்கோ. ஏற்றுக்கொண்டே மற்றதின்ர காத்திருப்புப் பட்டியலில இருக்கலாம், ஒண்டுக்கொண்டு பாதிப்பில்லை. மேல்முறையீட்டை நம்பியிருக்கவும் வேண்டாம். ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 மூண்டிலயும் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளை எண்டு சட்டம் இருக்கிறதால, கணக்கெடுப்பில பிழை நடந்ததெண்டு காட்டினாத்தான் பெரும்பாலும் வெல்லலாம்.

#5 · டெக்சாஸ்_வெயில்

அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். வீட்டு முகவரி எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பப்ளிக் ஸ்கூல். ஜனவரியும் இல்லை, விருப்பப் பட்டியலும் இல்லை, அக்டோபரில் குடிவந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். போட்டியெல்லாம் வீடு பார்க்கும்போதே முடிந்துவிடுகிறது, வாடகையில் தெரியும். நியூயார்க் நகரம் விதிவிலக்கு, அங்கே கிண்டர்கார்ட்டனுக்கே 12 ஸ்கூல் வரை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கலாம்.

சேர்க்கக் கேட்பது: பிறப்புச் சான்று அல்லது பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் மாதிரி முகவரிச் சான்று, தடுப்பூசி அட்டை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாமல் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால், வீட்டுக்காரர் நோட்டரி முன் கையெழுத்திட்ட கடிதம் கேட்கும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகள் (பள்ளி நிர்வாகப் பகுதிகள்) நிறைய. அதை முதல் நாளே தயாராக வைத்திருங்கள்.

வகுப்பு அளவுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் கிடையாது. டெக்சாஸில் கிண்டர்கார்ட்டன் முதல் 4-ஆம் வகுப்பு வரை 22, விலக்கு வாங்கி மீறுவார்கள். ஃப்ளோரிடாவில் 3 வரை 18.

#6 · பஞ்சுமிட்டாய்

வெம்பிளி சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. ஆகஸ்ட் 20 பிள்ளை 4 வயசு முடிந்து ரெண்டே வாரத்தில் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போக வேண்டியதுதானா? அமெரிக்காவில் கோடைகாலத்தில் பிறந்தவர்களை ஒரு வருஷம் தள்ளிப் போடுவது சாதாரணம். ரெட்ஷர்ட் என்பார்கள்.

#7 · வெம்பிளி_வாசி

கட்டாயமில்லை. 5 முடிஞ்சு அடுத்த தவணையிலதான் சட்டப்படி கட்டாயம். ஆகஸ்ட் பிள்ளைக்கு அது அடுத்த வருசம் செப்டம்பர். அதுவரைக்கும் அரைநாள் அனுப்புறது பெற்றோரின்ர உரிமை.

ஏப்ரல் 1 தொடக்கம் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவை ஒரு வருசம் பிந்தி வரலாம். ஆனா பிந்தி வந்தா ரிசப்ஷனிலயா, நேர இயர் 1-லயா எண்டதை அட்மிஷன் அதிகாரிதான் முடிவெடுப்பார். ரிசப்ஷன் வேணுமெண்டா எழுத்தில கேக்கோணும். கேட்டுப்போட்டுச் சும்மா இராமல் வழமையான விண்ணப்பத்தையும் ஜனவரி 15-க்குள்ள போடுங்கோ. கோரிக்கையை மறுத்தா அந்த இடமாவது கையில இருக்கும். சம்மதிச்சா ஏப்ரலுக்கு முன்னம் மீளப்பெறலாம்.

#8 · ஹட்சன்_கரை

ரெட்ஷர்ட் பற்றி: நியூயார்க் நகரத்தில் அது பொதுவாக நடக்காது. பிறந்த வருஷத்தை வைத்தே வகுப்பு. ஒரு வருஷம் வீட்டில் வைத்திருந்து அனுப்பினால் நேராக முதல் வகுப்பில் போடுவார்கள். பல மாநிலங்களில் கிண்டர்கார்ட்டனே கட்டாயமில்லை, வாஷிங்டன் மாநிலத்தில் கட்டாய வயது 8. அதனால் "ஒரு வருஷம் தள்ளலாம்" என்று எங்கேயோ படித்துவிட்டு முடிவெடுக்காமல் அந்த டிஸ்ட்ரிக்ட் ஆபீஸில் கேட்டுவிடுங்கள்.

#9 · கரும்பலகை

பாடத்துக்கு வருவோம். "முன்னாடி, பின்னாடி" என்கிற பேச்சுக்குக் காரணமே இங்கேதான்.

ரிசப்ஷனில் நாளின் பெரும்பகுதி மணல், தண்ணீர், கட்டைகள், வெளித்தோட்டம். ஆனால் நடுவே தினமும் 20 முதல் 30 நிமிஷம் ஃபோனிக்ஸ் (எழுத்துக்கு உரிய ஒலியைக் கற்பது). ஒலிகளைச் சேர்த்து வாசிப்பது மட்டும்தான் வழி, படத்தைப் பார்த்து ஊகிக்க விடுவதில்லை. இயர் 1 ஜூனில் ஒரு சோதனை: 40 சொல், அதில் 20 அர்த்தமில்லாதவை. அர்த்தமில்லாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விசித்திரப் பிராணியின் படம் இருக்கும். வழக்கமாக 32 சரியென்றால் தேர்ச்சி. இதில் தவறுகிறவர்களில் நன்றாக வாசிக்கிற பிள்ளைகளும் உண்டு. 'எஸ் டி ஆர் ஓ எம்' என்று இருப்பதைக் கண்ணால் மேய்ந்து 'ஸ்டார்ம்' என்று அர்த்தமுள்ள சொல்லாகத் திருத்தி வாசித்துவிடும். பயிற்சி கொடுக்க வேண்டியது வேகத்துக்கு இல்லை. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒலி எழுப்பி, பிறகு சேர்க்கச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கிண்டர்கார்ட்டனில் எழுத்தின் பெயர், ஒலி, அடிக்கடி வரும் சொற்களை மனப்பாடமாகப் பார்த்தவுடன் சொல்வது என்று போகும். இப்போது பல மாநிலங்கள் சட்டம் போட்டு ஃபோனிக்ஸ் பக்கம் திரும்பிவிட்டன. இருந்தாலும் அந்தச் சொல் பட்டியல் வாரா வாரம் வீட்டுக்கு வரும்.

நாடு மாறும் பிள்ளைக்குச் சிக்கல் வரும் இடம் ரெண்டு. ஒன்று, 'ஆர்'. தென் இங்கிலாந்து உச்சரிப்பில் 'கார்' என்பதன் கடைசி 'ர்' ஒலிக்காது, எனவே 'ஏ ஆர்' ரெண்டெழுத்தும் ஒரே 'ஆ' ஒலி என்று கற்றிருக்கும். அமெரிக்க ஆசிரியர் 'ர்' எங்கே என்று கேட்பார். எழுதும்போது அந்த 'ஆர்' விட்டுப்போனால் அது உச்சரிப்பின் விளைவு, கவனக்குறைவு இல்லை என்று ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லிவிடலாம். இன்னொன்று, கடைசி எழுத்து 'ஸெட்'டா 'ஸீ'யா. இது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

எதிர்த் திசை கடினம். கிண்டர்கார்ட்டன் முடித்து ஆகஸ்ட்டில் லண்டன் வரும் பிள்ளை பெரும்பாலும் நேராக இயர் 2-ல் உட்காரும். பக்கத்துப் பிள்ளைகள் ரெண்டு வருஷமாக ஃபோனிக்ஸ் செய்து, சேர்த்தெழுதத் தொடங்கியிருப்பார்கள். போதாக்குறைக்கு இயர் 1 சோதனை எழுதாததால் இயர் 2-ல் அதை வைப்பார்கள். கிளம்புவதற்கு முன் அந்த இங்கிலாந்துப் பள்ளி எந்த ஃபோனிக்ஸ் திட்டம் பின்பற்றுகிறது என்று கேட்டு, அதே வரிசையில் வரும் சிறு புத்தகங்களைக் கோடையில் ஓட்டிவிட்டால் பாதிச் சுமை குறையும்.

#10 · பஞ்சுமிட்டாய்

இதைத்தான் சொல்கிறேன். 4 வயசில் ஒலி, சோதனை என்று ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது? 7 வயசில் எல்லாப் பிள்ளையும் வாசிக்கத்தானே போகிறது.

#11 · கரும்பலகை

ரிசப்ஷனின் அரைமணி நேரத்தை விட, பல அமெரிக்கக் கிண்டர்கார்ட்டனில் மேசையில் உட்காரும் நேரம் அதிகம் என்பதையும் பாருங்கள். ரிசப்ஷனில் வெளித்தோட்டத்துக்கான கதவு முக்கால்வாசி நேரம் திறந்தே கிடக்கும். கிண்டர்கார்ட்டனில் வெளியே விளையாட்டு என்பது டைம்டேபிளில் 20, 30 நிமிஷக் கட்டம். சீக்கிரம் ஆரம்பிப்பது வேறு, கெடுபிடி வேறு. என் கணிப்பில் கெடுபிடி தொடங்குவது இங்கிலாந்தில் இயர் 1-ல், அமெரிக்காவில் கிண்டர்கார்ட்டனில். அதாவது கிட்டத்தட்ட ஒரே வயதில்.

#12 · ஊசிமுனை

தடுப்பூசி பற்றி யாரும் எழுதவில்லை. இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போகும்போது அதிகம் மாட்டுவது இதில்தான். இங்கிலாந்துப் பள்ளியில் சேர ஊசி கட்டாயமில்லை. அமெரிக்காவில் அட்டை சரியில்லாவிட்டால் பிள்ளை வாசலைத் தாண்டாது. எல்லா ஊசியும் போட்டிருந்தும் "செல்லாது" என்பார்கள், ஏனென்றால் அவர்கள் பார்ப்பது தேதியை.

டிப்தீரியா–டெட்டனஸ்–கக்குவான், போலியோ: இங்கிலாந்தில் பள்ளிக்கு முந்தைய பூஸ்டர் 3 வயது 4 மாதத்தில். அமெரிக்கப் பள்ளிகள் கேட்பது 4-ஆம் பிறந்தநாளுக்குப் பிறகு போட்ட டோஸ். இன்னொன்று போட வேண்டிவரும்.

ஹெபடைடிஸ் பி: 2024 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்கு இங்கிலாந்தில் 8, 12, 16 வாரங்களில் மட்டும். அமெரிக்காவில் கடைசி டோஸ் 24 வாரத்துக்குப் பிறகு இருந்தால்தான் கணக்கு. நாலாவது ஒன்று.

சின்னம்மை: அமெரிக்காவில் 2 டோஸ். இங்கிலாந்தில் 2026 ஜனவரியில்தான் வழக்கமான அட்டவணையில் சேர்ந்தது, பெரிய பிள்ளைகளுக்குப் போட்டிருக்காது. வந்து போயிருந்தால் டாக்டர் எழுதிக்கொடுக்கலாம்.

ஹெபடைடிஸ் ஏ: டெக்சாஸ் 2 டோஸ் கேட்கும், எல்லா மாநிலமும் கேட்காது.

இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களுக்கு: 9-ஆம் மாதத் தட்டம்மை ஊசி அங்கே செல்லாது. முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்ட ரெண்டு டோஸ் வேண்டும்.

எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி), சின்னம்மை ரெண்டும் உயிருள்ள கிருமி வகை. ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் 28 நாள் இடைவெளி. ரெண்டு வாரத்தில் அவசரமாகப் போட்டால் ரெண்டாவது செல்லாமல் மறுபடி போடச் சொல்வார்கள்.

அப்புறம் தேதி எழுதும் முறை. இங்கிலாந்துச் சிவப்புப் புத்தகத்தில் (குழந்தையின் உடல்நலப் பதிவேடு) 03/04 என்றால் ஏப்ரல் 3. அமெரிக்க நர்ஸ் கம்ப்யூட்டரில் மார்ச் 4 என்று ஏற்றுவார். பிறந்தநாளை ஒட்டிய டோஸ் ஒரு மாதம் முன்னால் போய் "செல்லாது" ஆகிவிடும். மாதத்தை எழுத்தில் போட்டு ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) புதுப் பட்டியல் அச்சடித்து வாங்குங்கள்.

#13 · வேப்பங்காற்று

ஊசிமுனை, அப்போ ஊசி முடியும் வரை பிள்ளை வீட்டிலேயே இருக்கணுமா?

#14 · ஊசிமுனை

பெரும்பாலான மாநிலங்களில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வகையிலும் தொடங்கியிருக்க வேண்டும், அடுத்த டோஸுக்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தேதி கையில் இருக்க வேண்டும். கெடு தாண்டினால் வெளியே. குழந்தை டாக்டரிடம் முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதுதான் தாமதம், குறிப்பாக ஜூலை, ஆகஸ்ட்டில். வீடு பார்ப்பதற்கு முன்பே டாக்டரைப் பாருங்கள் என்பேன்.

#15 · சில்லறைக்_கணக்கு

ஸ்கூலுக்கு முந்தைய வருஷங்களின் செலவு. இங்கிலாந்தில் 3, 4 வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் வாரம் 15 மணி நேரக் குழந்தைப் பராமரிப்பு இலவசம். பெற்றோர் ரெண்டு பேரும் வேலை பார்த்தால் 9 மாதத்திலிருந்தே 30 மணி நேரம், 2025 செப்டம்பர் முதல். ஆனால் இது 38 வாரத்துக்கு, மொத்தம் 1,140 மணி நேரம். வருஷம் முழுக்கப் பரப்பினால் வாரத்துக்கு 22-க்கும் கொஞ்சம் குறைவு. "30 என்றார்களே, பில் ஏன் வருகிறது" என்று குழம்புவது இதனால்தான்.

கோட்டைவிடும் இடங்கள்: ஒரு தவணைக்கான தகுதிக் குறியீட்டு எண்ணை அதற்கு முந்தைய ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31-க்குள் வாங்கவேண்டும். ஜனவரி 2-ல் வாங்கினால் ஏப்ரல் வரை காசு கட்ட வேண்டியதுதான். 3 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் வருமானம் 1,00,000 பவுண்டுக்கு மேல் ஒரு பவுண்டு போனாலும் 30 போய்விடும், 3 வயதுக்கு மேல் பொதுவான 15 மட்டும் நிற்கும். பென்ஷனில் கூடுதலாகப் போட்டு வருமானக் கணக்கைக் கீழே இறக்கலாம். விசாவில் "பொது நிதி இல்லை" என்று இருப்பவர்களும் விதிமுறையைப் படித்துவிட்டு நம்புங்கள்.

அமெரிக்காவில் இடத்தைப் பொறுத்து: நியூயார்க் நகரம் 4 வயதுக்கு முழுநாள் இலவசம், ஃப்ளோரிடாவில் 540 மணி நேரம், கலிஃபோர்னியாவில் செப்டம்பர் 1-க்குள் 4 ஆனவர்களுக்குப் பள்ளியிலேயே டிகே (டிரான்சிஷனல் கிண்டர்கார்ட்டன், கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய வகுப்பு). மற்ற பல இடங்களில் ஹெட் ஸ்டார்ட் மாதிரித் திட்டங்கள், அவையும் வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும். கம்பெனியில் டிபென்டன்ட் கேர் கணக்கு (குழந்தைப் பராமரிப்புச் செலவுக்குச் சம்பளத்திலிருந்து ஒதுக்குவது) இருந்தால் 2026 முதல் 7,500 டாலர் வரை வரியில்லாமல் ஒதுக்கலாம், முன்பு 5,000. வருஷத்துக்குள் செலவழிக்காதது போச்சு.

#16 · வெம்பிளி_வாசி

லீவைப் பற்றி ஆரும் சொல்லேல்லை. ஊருக்குப் போறவைக்கு முக்கியம். இஞ்ச அரைநாள் ஒரு அமர்வு. அனுமதியில்லாமல் 10 பள்ளி வாரத்துக்குள்ள 10 அமர்வு, அதாவது 5 நாள், போனா அபராதம். ஒரு பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள்ள கட்டாட்டி 160. தாய் தகப்பன், ரெண்டு பிள்ளை எண்டா 320-ல தொடங்கும். 3 வருசத்துக்குள்ள ரெண்டாம் தரம் நேர 160, மூண்டாம் தரம் கோர்ட். "டிக்கெட் மலிவு" எண்டது காரணமா எடுபடாது. கட்டாய வயசு வராத ரிசப்ஷன் பிள்ளைக்கு இந்த அபராதம் இல்லை.

#17 · டெக்சாஸ்_வெயில்

இங்கே அபராதச் சீட்டு நாடு முழுக்க ஒன்றும் இல்லை, ஆனால் 180 நாளில் 10 சதவீதம், அதாவது 18 நாள் எட்டினால் "தொடர் வருகையின்மை" பட்டியலில் ஏறும். மாநிலத்துக்கு மாநிலம் கடுமை வேறு. ஒரே மூச்சில் மூன்று நாலு வாரம் போனால் சில டிஸ்ட்ரிக்ட்டுகளில் பெயரை எடுத்துவிடுவார்கள், திரும்பி வந்து மறுபடி சேர்க்க வேண்டும். கோடை லீவு 10 வாரத்துக்கு மேல் இருப்பதால் தேவை குறைவு. இங்கிலாந்தில் ஆறு வாரம்தானே. அந்தப் பத்து வாரமும் கேம்ப் செலவு என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சாமான்கள்: இங்கிலாந்தில் பென்சில் ஸ்கூல் தரும், நீங்கள் வாங்குவது யூனிஃபார்ம், புத்தகப் பை, ஒட்டு ஷூ. எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும், நீலஸ்வெட்டர் 30-உம் ஒரே மாதிரி. அமெரிக்காவில் யூனிஃபார்ம் பெரும்பாலும் இல்லை, ஆனால் ஒரு பட்டியல் வரும்: நம்பர் 2 பென்சில் (நம்மூர் எச்பிதான்), 24 கிரேயான், டஜன் கணக்கில் பசைக்குச்சி, டிஷ்யூ டப்பா, துடைக்கும் ஈரத்தாள். பொதுப் பெட்டியில் சேர்ப்பதாக இருந்தால் பெயர் எழுதக்கூடாது.

பஸ்: காலை நம்பரும் மாலை நம்பரும் வேறாக இருக்கலாம், பையில் தொங்கும் அட்டையில் மாலை நம்பர் இருக்கிறதா பாருங்கள். நிறுத்தத்தில் பெரியவர் இல்லாவிட்டால் பல இடங்களில் கிண்டர்கார்ட்டன் பிள்ளையை இறக்காமல் ஸ்கூலுக்கே திருப்பிக்கொண்டு போவார்கள்.

#18 · பஞ்சுமிட்டாய்

சாப்பாடு இங்கிலாந்தில் ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 எல்லோருக்கும் இலவசம், லண்டனில் பிரைமரி முழுக்க. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, மினசோட்டா மாதிரிச் சில மாநிலங்களில்தான் எல்லோருக்கும். மதிய இடைவேளை அங்கே 20, 25 நிமிஷம், அதில் வரிசையில் நிற்பதும் சேர்த்தி. டப்பா கட்டிக்கொடுத்தால் பிள்ளை தானே திறக்கிற மூடியா என்று வீட்டில் பழக்குங்கள். சாதம், குழம்பு தனித்தனி டப்பா வேலைக்காகாது.

இன்னொன்று: இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் தினசரி வழிபாடு சட்டத்தில் உண்டு, பெற்றோர் எழுதிக்கொடுத்து விலக்கலாம். அமெரிக்காவில் கொடி உறுதிமொழி. 1943 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி பிள்ளையைச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது.

#19 · ஊசிமுனை

கடைசியாக ரெண்டு, பெட்டி கட்டுகிறவர்களுக்கு.

காய்ச்சல் மருந்து: இங்கிலாந்தின் பாரசிட்டமால்தான் அமெரிக்காவின் அசிட்டமினோஃபென். இங்கிலாந்துக் குழந்தை சிரப் 5 மி.லி.க்கு 120 மி.கி., 6 வயதுக்கு மேலானது 250. அமெரிக்கச் சிரப் 160. "எப்போதும் ஒரு ஸ்பூன்" என்று பழகிய கை நாடு மாறினால் தப்பும். அந்தந்த பாட்டிலின் அளவுக்குழலையே பயன்படுத்துங்கள், இங்கிலாந்துப் பாட்டிலில் வயதும் அமெரிக்கப் பாட்டிலில் எடையும் பாருங்கள். ஸ்கூலில் கொடுக்கச் சொல்லிப் பையில் வைத்து அனுப்பாதீர்கள். அமெரிக்காவில் பல இடங்களில் கடையில் வாங்கும் மருந்துக்கும் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள்.

கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். இங்கிலாந்தில் அதன் மேல் ஒட்டியுள்ள ஆரஞ்சு நிற லேபிளில் வட்டத்துக்குள் 'இ' முத்திரை வேண்டும், அமெரிக்காவில் 213-ஆம் கூட்டாட்சித் தரத்துக்கு ஏற்றது என்ற வாசகம் வேண்டும். ஒன்று மற்ற நாட்டில் சட்டப்படி செல்லாது. இங்கிலாந்தில் 12 வயது அல்லது 135 செ.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை சீட். அமெரிக்காவில் மாநிலத்தைப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து வீடு வரை போகும் டாக்சிக்கு முன்கூட்டியே சீட்டுடன் பதிவு செய்துவிட்டு, புதுசை அங்கே போய் வாங்குங்கள்.